ஜாஷ் ஜேக்கப்ஸ்: பேக்கப்பாக இருந்தே முதல் சுற்றில் போன ரன்னிங் பேக் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மூன்று வருடமும் இரண்டாம், மூன்றாம் ஆளாகவே இருந்த ஒருவர், 2019 என்எஃப்எல் டிராஃப்ட்டில் (தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எல்லா ரன்னிங் பேக்குகளையும் முந்திக்கொண்டு முதல் ஆளாகத் தேர்வானார். இது எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ரன்னிங் பேக் என்பவருக்கு என்ன வேலை?

ஆட்டத்தை நடத்தி, பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, எதிரணியின் கூட்டத்துக்குள் புகுந்து முன்னேறுவதுதான் பிரதான வேலை. அதோடு பாஸ், அதாவது எறியப்படும் பந்தைப் பிடிக்க வேண்டும். குவார்ட்டர்பேக் மேல் பாய வருபவர்களைத் தடுக்கவும் வேண்டும். டிவியில் பெரும்பாலும் முதல் வேலைதான் கண்ணில் படும். அணிகள் ஆளெடுக்கும்போது மற்ற இரண்டையும் அதே அளவுக்குக் கவனிக்கின்றன. ஜேக்கப்ஸின் கதை புரிய இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பள்ளியில் அத்தனை யார்டு ஓடியவரை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை?

ஒக்லஹோமா மாநிலம் டல்சா நகரில் உள்ள மெக்லெயின் உயர்நிலைப் பள்ளியில் அவர் கடைசி வருடம் ஓடியது 2,704 யார்டு, போட்டது 31 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது). ஒரு தடவை பந்தைத் தொட்டால் சராசரியாக 15 யார்டு. இந்த எண்ணிக்கைக்குப் பெரிய கல்லூரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆட்களைத் தேடும் வழி அப்படி. கோடைக்கால முகாம்களுக்குப் போய் முகம் காட்ட வேண்டும், தேர்வாளர்களின் தரவரிசையில் நட்சத்திரம் வாங்க வேண்டும், ஆட்டக் காணொளிகளை இணையத்தில் ஏற்றிப் பரப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம், நேரம், ஓடியாட ஒரு பெரியவர் என எல்லாம் தேவை. ஜேக்கப்ஸுக்கோ வீடே இல்லை. பெற்றோர் பிரிந்த பிறகு அப்பா மார்ட்டியுடன் வளர்ந்தவர், சில காலம் மோட்டல்களிலும் சில காலம் காரிலும் படுத்து எழுந்திருக்கிறார். இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2016ஆம் ஆண்டுச் சேர்க்கை முடிவதற்குச் சற்று முன்னால்தான் பெரிய பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்த்தன. அலபாமா பல்கலைக்கழகம் கூப்பிட்டது, அங்கே சேர்ந்தார்.

காரில் தூங்கிய பையன் என்பதையே முழுக்கதையாக்கிவிடும் பழக்கம் ஊடகங்களுக்கு உண்டு. 2020 சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதிப்போட்டி) விளம்பரங்களில் கியா கார் நிறுவனம் கூட அவரை வைத்து இதையே படமாக்கியது. மனதைத் தொடும் விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஏன் முதல் சுற்றில் போனார் என்பதற்கு அது பதில் இல்லை. பதில் களத்தில் இருக்கிறது.

அலபாமாவில் உண்மையிலேயே பெஞ்சில்தான் இருந்தாரா?

பெஞ்சில் இல்லை, வரிசையில் பின்னால் இருந்தார். 2016ல் அவருக்கு முன்னால் டேமியன் ஹாரிஸ், போ ஸ்கார்ப்ரோ என்று இரண்டு பேர். ஹாரிஸ் அந்த வருடம் 1,037 யார்டு ஓடினார். புதிதாக வந்த ஜேக்கப்ஸ் 85 தடவை ஓடி 567 யார்டு சேர்த்தார். முதல் வருடப் பையனுக்கு நல்ல கணக்குதான்.

2017ல் காயங்கள் குறுக்கே வந்தன. 46 தடவைதான் பந்து கிடைத்தது, 284 யார்டு. அந்த வருடம் அலபாமா தேசிய சாம்பியன் பட்டம் வென்றது, ஹாரிஸ் சரியாக 1,000 யார்டு ஓடினார். ஜேக்கப்ஸ் பெயரை அலபாமா ரசிகர்களைத் தவிர வெளியே யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2018ல் ஸ்கார்ப்ரோ போய்விட்டார். ஆனால் நஜீ ஹாரிஸ் வளர்ந்து வந்துவிட்டார். இவர் நாட்டிலேயே மிக உயர்ந்த மதிப்பீட்டோடு பள்ளியிலிருந்து வந்தவர். ஆக, ஹாரிஸ் என்ற பெயரில் இரண்டு பேர், நடுவில் ஜேக்கப்ஸ். அந்த வருடக் கணக்கு: டேமியன் 150 தடவை ஓடி 876 யார்டு, நஜீ 117 தடவையில் 783, ஜேக்கப்ஸ் 120 தடவையில் 640.

மூன்று பேரையும் கூட்டினால் 387 தடவை. மூன்று வருடம் முன்பு இதே அலபாமாவில் டெரிக் ஹென்றி தனி ஆளாக ஒரே சீசனில் 395 தடவை ஓடினார். அதே கல்லூரி, அதே தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன். அணி ஒரே ஆளை நம்புவதை விட்டுவிட்டு, கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர்களை மாற்றி மாற்றி இறக்குவது போல ஓட்டக்காரர்களை இறக்க ஆரம்பித்திருந்தது. ஜேக்கப்ஸ் வந்து மாட்டியது அந்தக் காலத்தில். மாட்டியது என்பதா, அமைந்தது என்பதா என்பதைக் கீழே பார்க்கலாம்.

மூன்றாவது ஆளாக இருப்பவர் களத்தில் எப்படி இடம் பிடிக்கிறார்?

மற்றவர்கள் விரும்பாத வேலைகளைச் செய்துதான். முதல் வழி, கிக்காஃப். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு, எதிரே முழு வேகத்தில் வரும் கூட்டத்துக்குள் ஓடுவது. 2018 சீசனின் முதல் ஆட்டத்திலேயே லூயிவில் அணிக்கு எதிராக ஜேக்கப்ஸ் ஒரு கிக்காஃபை 77 யார்டு கொண்டுபோய் டச்டவுன் ஆக்கினார்.

இரண்டாவது வழி, தடுப்பு. இதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். பாஸ் போடும் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரன்னிங் பேக் குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நிற்கிறார். எதிரே இரண்டு லைன்பேக்கர்கள் (எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பு வீரர்கள்) முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டிருக்கிறார்கள். யார் பாய்ந்து வரப்போகிறார் என்று தெரியாது. சில சமயம் இருவருமே வருவார்கள், சில சமயம் இருவரும் வருவது போல் பாவனை காட்டிவிட்டுப் பின்வாங்குவார்கள். பந்து கைமாறிய அரை வினாடியில் முடிவெடுக்க வேண்டும். பொதுவான விதி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் பார்ப்பது. நடுவில் வருபவனை முதலில் மறி, ஏனென்றால் குவார்ட்டர்பேக்கை அடைய அவனுக்குத்தான் தூரம் குறைவு. ஓரத்தில் வருபவன் சுற்றி வருவதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்கலாம். மறிப்பது என்றால் குறுக்கே நிற்பது இல்லை. 105, 110 கிலோ ஆள் ஓடி வரும் வேகத்தில் நெஞ்சோடு நெஞ்சு மோத வேண்டும். தப்பு செய்தால் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார், சில நேரம் அந்த சீசனே அவருக்கு முடிந்துவிடும்.

பயிற்சியாளர்கள் திறமையான ஓட்டக்காரர்களையே கூட இந்த ஒரு காரணத்துக்காக உட்கார வைப்பார்கள். ஜேக்கப்ஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவர் மோதலை விரும்புகிறவர்.

மூன்றாவது, பாஸ் பிடிப்பது. 2018ல் 20 பாஸ் பிடித்து 247 யார்டு, 3 டச்டவுன். ஒரு ரன்னிங் பேக்குக்கு இது அதிக எண்ணிக்கை இல்லை, ஆனால் பந்து கைக்கு வந்த விதத்தில் தடுமாற்றமே தெரியவில்லை.

எந்த ஆட்டத்தில் வெளியே தெரிய வந்தார்?

இரண்டு ஆட்டங்களைச் சொல்ல வேண்டும்.

2018 டிசம்பர் 1, அட்லாண்டா. ஜார்ஜியாவுக்கு எதிரான எஸ்இசி (அலபாமா ஆடும் தென்கிழக்குக் கல்லூரிகளின் லீக்) இறுதிப்போட்டி. அலபாமா 35-28 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தை எல்லாரும் அலபாமா குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அதே மைதானத்தில் அந்த வருட ஜனவரியில் நடந்த தேசிய இறுதிப்போட்டியில் ஹர்ட்ஸை நடுவில் உட்கார வைத்துவிட்டு இன்னொரு குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவாவை இறக்கியிருந்தார்கள். இந்த முறை டுவாவுக்கு அடிபட, ஹர்ட்ஸ் உள்ளே வந்து ஆட்டத்தைக் காப்பாற்றினார். அந்தப் பரபரப்பில் பலருக்கு மறந்தே போன விஷயம்: ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது வாங்கியவர் ஜேக்கப்ஸ். 8 தடவைதான் ஓடினார். 83 யார்டு, 2 டச்டவுன். பேக்கப்புகளுக்கான நாள் அது.

அடுத்தது டிசம்பர் 29, மயாமி அருகே ஆரஞ்சு பவுல், அதாவது தேசிய சாம்பியன் பட்டத்துக்கான அரையிறுதி. எதிரணி ஒக்லஹோமா, அதாவது அவர் பிறந்து வளர்ந்த மாநிலத்தின் அணி. 15 தடவை ஓடி 98 யார்டு, 4 பாஸ் பிடித்து 60 யார்டு. அலபாமா 45-34 என்று வென்றது. அதில் ஒரு 27 யார்டு டச்டவுனை இன்றும் யூடியூபில் தேடிப் பார்க்கலாம். பாஸைப் பிடிக்கிறார், திரும்புகிறார், எதிரே கோட்டுக்குப் பக்கத்தில் ஒக்லஹோமாவின் சேஃப்டி (கடைசியாக நிற்கும் தடுப்பு வீரர்) காத்திருக்கிறார். ஓரமாக ஒதுங்கித் தப்பிக்க இடம் இருந்தது. ஜேக்கப்ஸ் ஒதுங்கவில்லை. தோளைத் தாழ்த்தினார், நேரே போய் மோதினார், அந்த ஆள் மல்லாக்க விழுந்தார், ஜேக்கப்ஸ் அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அதன் பிறகு வந்த நான்கு மாதமும் டிராஃப்ட் பேச்சு வந்தால் டிவியில் அந்தக் காட்சிதான் ஓடியது.

மூவரில் சராசரி குறைவு அவருக்குத்தானே? பிறகு எப்படி அவர் முதலில் போனார்?

நல்ல கேள்வி. 2018ல் ஒரு தடவைக்கு நஜீ 6.7 யார்டு, டேமியன் 5.8, ஜேக்கப்ஸ் 5.3. எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் கடைசி ஆள் ஜேக்கப்ஸ்தான். மூன்று வருடமும் சேர்த்து அவர் ஓடியது 251 தடவை, 1,491 யார்டு. இதை ஒரே சீசனில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் கோட்டுக்கு இரண்டு, மூன்று யார்டு இருக்கும் இடத்தில் பந்தை யாரிடம் கொடுத்தார்கள்? பெரும்பாலும் ஜேக்கப்ஸிடம். அங்கே யார்டு குறைவாகத்தான் கிடைக்கும், சராசரி இறங்கும், டச்டவுன் ஏறும். 120 தடவையில் 11 டச்டவுன். கடினமான இடத்தில் ஓடியதற்கான தண்டனை அந்த சராசரி.

தேர்வாளர்கள் மொத்தக் கணக்கைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு தடவையையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். முதலில் வந்து பிடித்தவனிடமிருந்து தப்பினாரா? தடுப்பு உடைந்த இடத்தில் அவராக வழி கண்டுபிடித்தாரா? பந்தைத் தவறவிட்டாரா? மறித்தாரா? 251 தடவையும் இதற்குப் போதுமான சாட்சி. வேகத்தில் அவர் பெரிய ஆள் இல்லை. டிராஃப்ட்டுக்கு முன் அணிகள் வீரர்களைச் சோதிக்கும் இண்டியானாபொலிஸ் முகாமில் இடுப்புத் தொடையில் காயம் இருந்ததால் ஓடவில்லை; பிறகு கல்லூரியிலேயே ஓடிக் காட்டியபோது 40 யார்டுக்கு 4.6 வினாடிக்குப் பக்கத்தில் வந்தது. சாதாரணம்தான். அதையும் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

2019 ஏப்ரல் 25, நாஷ்வில். 24வது தேர்வாக ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அவரை எடுத்தது. முதல் சுற்றில் போன ஒரே ரன்னிங் பேக். அந்த 24வது இடமே, தடுப்பு வீரர் கலீல் மேக்கை சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்ததற்குப் பதிலாக ரெய்டர்ஸ் வாங்கியது. மூன்று வருடமும் அவருக்கு முன்னால் நின்ற டேமியன் ஹாரிஸ் மூன்றாவது சுற்றில், 87வதாகப் போனார்.

குறைவாக ஓடினால் உடம்பு தேயாது என்று சொல்கிறார்களே, உண்மையா?

டிராஃப்ட் சமயத்தில் இதைத்தான் அதிகம் சொன்னார்கள்: ‘டயரில் ரப்பர் தேயவில்லை.’ ரன்னிங் பேக் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குகிறார். கல்லூரியிலேயே 800, 900 தடவை அடி வாங்கியவரை விட 251 தடவை வாங்கியவர் புதிதாக இருப்பார் என்ற கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது.

எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. டெரிக் ஹென்றி கல்லூரியில் ஒரே சீசனில் 395 தடவை ஓடிவிட்டுத்தான் வந்தார். 2016ல் இரண்டாவது சுற்றில், 45வதாகப் போனார். 2020ல் என்எஃப்எல்லில் 2,027 யார்டு ஓடினார். 30 வயது தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறார். உடம்புவாகு ஆளுக்கு ஆள் வேறு. நான் பார்த்தவரை, பேக்கப்பாக இருந்ததால் ஜேக்கப்ஸுக்குக் கிடைத்த நிஜமான லாபம் வேறு. எல்லா வேலையும் செய்ய வேண்டிய கட்டாயம் வந்தது. முதல் ஆளாக இருந்திருந்தால் அவரைக் கிக்காஃபுக்கு அனுப்பியிருக்கவே மாட்டார்கள்.

அலபாமா பெயர் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா?

கஷ்டம்தான். ஒரு சின்னக் கல்லூரியில் மூன்றாவது ஆளாக 120 தடவை ஓடியவரை முதல் சுற்றில் எடுக்க எந்த மேலாளருக்கும் துணிச்சல் வராது. அலபாமா பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு தேர்வாளரும் மற்றவர்களைப் பார்க்க வந்து இவரையும் பார்த்துவிட்டுப் போகிறார். நாடே பார்க்கும் டிசம்பர், ஜனவரி ஆட்டங்கள் வேறு இருக்கின்றன. அங்கே பேக்கப் என்பது மற்ற இடங்களில் முதல் ஆளாக இருப்பதை விடப் பெரிய மேடை. இந்தக் கதையை எல்லா பேக்கப்புகளுக்கும் பொருத்திவிட முடியாது.

இதே போல வேறு யார் யார்?

முதலில் சொல்ல வேண்டியவர் பாரி சாண்டர்ஸ். ஒக்லஹோமா ஸ்டேட்டில் 1986, 1987 இரண்டு வருடமும் தர்மன் தாமஸுக்குப் பின்னால் நின்றார். தாமஸ் போன பிறகு 1988ல் 11 ஆட்டங்களில் 2,628 யார்டு, 37 டச்டவுன் ஓடி கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். அடுத்த வருடம் டெட்ராய்ட் லயன்ஸ் 3வது தேர்வாக எடுத்தது. பின்னாளில் இருவருமே ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள். ஒரே கல்லூரியில், ஒரே சமயத்தில் முன்னும் பின்னுமாக நின்ற இருவர்!

டெரல் டேவிஸ் ஜார்ஜியாவில் ஆடி 1995ல் ஆறாவது சுற்றில், 196வதாகப் போனார். டென்வரில் 1998ல் 2,008 யார்டு ஓடினார். அவரும் ஹால் ஆஃப் ஃபேம்.

ஆல்வின் கமாரா அலபாமாவில் இடமே கிடைக்காமல் வெளியேறி, கன்சாஸில் ஒரு சமுதாயக் கல்லூரிக்குப் போய், பிறகு டென்னசியில் இரண்டாவது ஆளாகச் சேர்ந்தவர். 2017ல் 67வது தேர்வு. அதே வருடம் சிறந்த புதுமுக வீரர் விருது.

ஜேக்கப்ஸ் போன அதே 2019ல் இரண்டாவதாகப் போன ரன்னிங் பேக் மைல்ஸ் சாண்டர்ஸ். அவரும் பென் ஸ்டேட்டில் இரண்டு வருடம் சேக்வான் பார்க்லி நிழலில் இருந்தவர்தான்.

முதல் சுற்றில் போனதும் பணக்கவலை தீர்ந்ததா?

அப்பாவுக்கு வீடு வாங்கிக் கொடுக்கும் அளவுக்குத் தீர்ந்தது. முதல் வருடம் 13 ஆட்டங்களில் 1,150 யார்டு. ரெய்டர்ஸ் வரலாற்றில் புதுமுகமாக ஆயிரத்தைத் தாண்டிய முதல் ஆள். கொஞ்ச நாள் தோள்பட்டை எலும்பில் விரிசலோடு ஆடினார்.

ஆனால் ரன்னிங் பேக் சம்பளம் தனிக் கொடுமை. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை அணி விரும்பினால் ஐந்தாவது வருடமும் நிறுத்திக்கொள்ளலாம். 2022ல் ரெய்டர்ஸ் அந்த உரிமையை வேண்டாம் என்றது. அந்த வருடம் அவர் 1,653 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். சியாட்டிலில் நடந்த ஓர் ஆட்டத்தில் 229 யார்டு. கூடுதல் நேரத்தில் 86 யார்டு ஓடி ஆட்டத்தையே முடித்து வைத்தார். இதற்குக் கிடைத்த பரிசு நீண்டகால ஒப்பந்தம் இல்லை, ஒரு வருடத்துக்குக் கட்டிப்போடும் ஃபிரான்சைஸ் டேக். கோபத்தில் பயிற்சி முகாமுக்கே போகவில்லை. கடைசியில் 1.2 கோடி டாலர் வரை தரும் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 2024 மார்ச்சில் கிரீன் பே பேக்கர்ஸ் 4 வருடம், 4.8 கோடி டாலர் என்று அழைத்துக்கொண்டது. அங்கே முதல் சீசனில் 1,329 யார்டு, 15 டச்டவுன்.

இன்று ஒரு பையன் அவரைப் போல மூன்று வருடம் காத்திருப்பானா?

பெரும்பாலும் மாட்டான். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வந்தது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும். 2021ல் அந்தத் தடை தளர்ந்தது. அந்த வருட ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. இன்று மூன்றாவது இடத்தில் இருக்கும் நல்ல ரன்னிங் பேக்குக்கு அடுத்த சீசனே வேறு கல்லூரி முதலிடமும் பணமும் சேர்த்துத் தரும். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரில் தூங்கியவனிடம் பொறுமை பேசுவது எளிது.

என் மகன் அமெரிக்காவில் பள்ளி அணியில் ரன்னிங் பேக். பெரிய கல்லூரியில் பெஞ்சா, சின்னக் கல்லூரியில் முதலிடமா?

அவன் களத்தில் இறங்கும் வாய்ப்பு எங்கே அதிகம் என்று பாருங்கள். பெரிய இடத்தில் கிக்காஃபிலாவது, பாஸ் தடுப்பிலாவது இறக்குவார்களா என்று பயிற்சியாளரிடம் நேராகவே கேளுங்கள். ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள். எதைத் தேர்ந்தாலும் பட்டப்படிப்பைப் பார்த்துத் தேருங்கள். என்எஃப்எல் போகிறவர்கள் மிகச் சிலர்.

டேமியனும் நஜீயும் என்ன ஆனார்கள்?

டேமியன் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் 2021ல் 929 யார்டு, 15 டச்டவுன் ஓடினார். பிறகு பஃபலோ போனார். 2023ல் கழுத்தில் அடிபட்டு மைதானத்திலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். 2024ல் ஓய்வு அறிவித்துவிட்டார். நஜீ அலபாமாவில் மேலும் இரண்டு வருடம் இருந்து, முதல் ஆளாகி, 2021 டிராஃப்ட்டில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனார். அவரும் 24வது தேர்வுதான். அங்கே நான்கு வருடமும் தவறாமல் ஆயிரம் யார்டு தாண்டினார்.